திறவுகோல் யாரிடம்?

எல்ல, பதுளைப் பகுதித் தோட்டங்களிலே வாழ்வோர்க்கு ஓர் உண்மை நூலறிவின்றியே விளங்கும்: ஒன்றிலே குடியிருத்தல் வேறு, அதனை உடைமையாகக் கொள்ளல் வேறு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயக் காம்பராவாயினும், அதன் பின்சுவரிலே ஒரு சாளரம் வைக்கத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயத்திலிருப்போர் அனுமதி கேட்கும் நிலை மட்டும் மாறவில்லை.

இவ்வனுபவமுடையார்க்குக் கணினித் துறையில் எழுந்த ஒரு பிணக்கு அந்நியமாய்த் தோன்றாது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் வகுத்த பொது உரிமம், மென்பொருளின் மூலநிரலைப் பெறவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது. டிவோ என்னும் அமெரிக்க நிறுவனம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டியொன்றை விற்றது. அதனுள் இயங்கியது அவ்வுரிமத்தின்கீழ் வந்த லினக்ஸ். நிறுவனம் மூலநிரலை முறைப்படி வெளியிட்டது. ஆயின், திருத்திய நிரலைப் பெட்டி ஏற்க மறுத்தது. நிறுவனத்தின் இலக்கக் கையொப்பம் அதில் இல்லை என்பதே காரணம்.

2007 ஜூன் 29இல் வெளியான உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதனைத் தடுத்தது. வீட்டுப் பாவனைப் பொருளில் அம்மென்பொருளை இட்டு விற்போர், திருத்தியதை நிறுவுதற்கு வேண்டிய திறவுகோலையும் கொடுத்தல் வேண்டும். லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உடன்படவில்லை. திருத்திய நிரலைத் திரும்பக் கேட்பதே முறை. பிறர் செய்த வன்பொருளுக்கு விதி வகுத்தல் முறையன்று என்பது அவர் நிலைப்பாடு. லினக்ஸ் கரு இன்றும் இரண்டாம் பதிப்பின்கீழேயே உள்ளது. இவ்வாதத்தை எளிதிலே தள்ளிவிடலாகாது. மருத்துவக் கருவியொன்றின் நிரலைக் கண்டவரெல்லாம் திருத்துதல் ஆபத்தன்றோ?

ஆயினும், பலர் கவனியாது விடும் விலக்கொன்று மூன்றாம் பதிப்பிலே உண்டு. உற்பத்தியாளர் உட்பட எவராலும் மாற்றவியலாதவாறு நிரல் பதிக்கப்பட்டிருப்பின், அங்கே இக்கடப்பாடு இல்லை. எனவே, பூட்டு என்பதனாலேயே அது குற்றமாகிவிடாது. விற்றவன் திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வாங்கியவன் வீட்டுப் பொருளைத் தான் மட்டும் மாற்றிக்கொண்டிருத்தலே குற்றம்.

லயத்தோடு செய்த ஒப்புமை இவ்விடத்திலே முறிகிறது. 'காம்பரா உன்னுடையது' என்று தொழிலாளியிடம் எவரும் விலை பெறவில்லை. வாழ்நாள் உழைப்பைப் பெற்றனர் என்பது வேறு கதை. பெட்டியை வாங்கியவனோ பற்றுச்சீட்டும் கையில் உள்ளவன்.

இன்று தோட்டத்து இளைஞனின் ஆண்ட்ரொய்டு கைத்தொலைபேசியிலும் அதே லினக்ஸ் கருவே இயங்குகிறது. சில ஆண்டுகளில் உற்பத்தியாளர் அதனைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுவர். தானே புதுப்பிக்கலாமென அவன் முயலின், பல பேசிகளிலே பூட்டு இன்னும் பூட்டியே இருக்கும்.