‘யாரும் வரலைங்க’

துப்பறியும் கதை என்றாலே நம் இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற பாக்கெட் நாவல், பொழுது போகாதவன் படிக்கிற சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு கொலைக்கதைகூடப் பாடமாக வந்ததில்லை. ஆனால் அறம் அறம் என்று அந்த வகுப்புகளில் பேசியதைவிட நேர்மையான ஒரு கேள்வி இந்தக் கதைகளுக்குள் கிடக்கிறது. கொன்றது யார் என்பதல்ல அது. யார் யாரையெல்லாம் ‘ஆள்’ என்று கணக்கில் சேர்த்தோம் என்பது.

1841-ல் எட்கர் ஆலன் போ எழுதிய ‘ரூ மோர்க் கொலைகள்’ தொட்டு இந்த வகைக் கதைகளுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பூட்டின வீடு, உள்ளே பிணம், யாரும் உள்ளே போகவில்லை. சஸ்பென்ஸ் அங்கே பிடிக்கிறது. தடயத்தை ஒளித்துவைத்தால் அது மட்டமான கதை. நல்ல கதை தடயத்தை நம் கண்ணெதிரே போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். நாம் பார்க்க மாட்டோம் என்று எழுதினவனுக்குத் தெரியும். முரண்நகை பிறப்பது அந்த இடத்தில்தான்.

ஜி.கே. செஸ்டர்டன் 1911-ல் வெளியிட்ட ஃபாதர் பிரவுன் கதைத் தொகுப்பில் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ என்றொரு கதை. (எச்.ஜி. வெல்ஸ் அதே பேரில் எழுதிய நாவல் வேறு.) லண்டனில் லாரா என்கிற பெண். ஐசிடோர் ஸ்மைத், ஜேம்ஸ் வெல்கின் என்று இரண்டு பேர் முன்னால் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டவர்கள். குள்ளனான ஸ்மைத் வீட்டு வேலை செய்யும் இயந்திரங்களை விற்றுப் பணக்காரனாகிவிட்டான். வெல்கின் இருக்கிற இடம் தெரியாது; மிரட்டல் கடிதம் மட்டும் வருகிறது. தெருவில் காக்கா குருவி இல்லாத நேரத்தில் அவன் சிரிப்பு லாரா காதில் விழுகிறது. ஸ்மைத் இருக்கும் மாடிக் குடியிருப்பைக் கவனிக்க நாலு பேரிடம் சொல்லிவைக்கிறார்கள்: வாசல் காவலாளி, ஒரு போலீஸ்காரர், தெருவில் கொட்டை வறுத்து விற்கிறவர், வாளியோடு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள். பனி விழுகிறது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ரத்தக்கறை, ஸ்மைத்தைக் காணோம். நாலு பேரும் அடித்துச் சொல்கிறார்கள், யாரும் வரவில்லை என்று. பனியில் காலடித் தடம் மட்டும் கிடக்கிறது.

போனது தபால்காரன். சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாகப் பளிச்சென்று உடுப்பு மாட்டிக்கொண்டு நாலு பேர் கண்ணெதிரே படியேறி, கொன்று, பிணத்தைத் தபால் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான். கதை இதை முதலிலேயே சொல்லிவிட்டது. கடிதம் கைக்கு வந்தது என்றால் கொண்டுவந்த கை ஒன்று இருக்க வேண்டுமே! தெருவில் யாரும் இல்லை என்று லாரா சொன்னபோது நாமும் தலையாட்டினோம்.

அந்த நாலு பேரும் சொன்னது பொய்யா? ஃபாதர் பிரவுன் விளக்குகிறார். பெரிய வீட்டு அம்மாளிடம் வீட்டில் கூட யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டால், பக்கத்தில் வேலைக்காரி நிற்கும்போதே யாருமில்லை என்பாள். தொற்றுநோய் பற்றி விசாரிக்கிற டாக்டர் அதையே கேட்டால் அத்தனை வேலைக்காரர்களும் ஞாபகத்துக்கு வருவார்கள். நோய் என்றதும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டப்படி அவர்கள் பொய்சாட்சி சொல்லவில்லை. மனசறிய உண்மையைத்தான் சொன்னார்கள். அதனாலேயே அது பொய்யைவிட மோசம் என்கிறேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். குறுக்கு விசாரணையில் அவனுக்கு வேர்க்கும். இவர்களைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவார்கள். இதில் யாரும் பெரிய மனுசனும் இல்லை. மாளிகைக்காரர்கள் கண்ணுக்கு இவர்களே தெரியமாட்டார்கள். பிரபுவோ குப்பைக்காரனோ, எவன் வந்தாலும் நிறுத்திக் கேட்பேன் என்று காவலாளி ஜம்பம் வேறு அடிக்கிறான். கேட்கலையே!

லண்டனில் சாதி இல்லை, தபால்காரன் தீட்டும் இல்லை. அவனை மறந்தது பழக்கம். நம் ஊர்களில் மறப்பது ஒரு ஏற்பாடு. ‘ஊரே திரண்டு வந்துச்சு’ என்று பேசுகிறோம். அந்த ஊரில் சேரி சேர்த்தி கிடையாது. வன்கொடுமை நடந்த கிராமங்களுக்கு உண்மை அறியும் குழுக்களோடு போயிருக்கிறேன். ‘அப்ப அங்க யாரு இருந்தாங்க?’ ‘யாருமே இல்லிங்க.’ நாலு வீடு தள்ளிக் கேட்டால், களத்தில் ஆறேழு பொம்பளைங்க நெல் தூற்றிக்கொண்டிருந்தது தெரியவரும். திரும்பி வந்து கேட்டால், ‘அவங்க வேலையாளுங்க சார்’ என்று பதில். சொன்னவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அவர் எதையும் மறைக்கவில்லை.

இதே கண் மேல்பக்கம் பார்க்கும்போது வேறு மாதிரி வேலை செய்யும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ள, கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. செஸ்டர்டன் கதையில் சின்ன ஆள் என்பதால் வந்தது தெரியவில்லை. இங்கே பெரிய ஆள் என்பதால் வந்திருக்கவே முடியாது. உயிர் தப்பியவர்கள் பார்த்தோம் என்றார்கள்தான்.

செஸ்டர்டன் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. வெல்கின் வேலைவெட்டி இல்லாமல், கைச்செலவுக்குக் காசு வைத்துக்கொண்டு, லாராவின் அப்பா நடத்திய விடுதியில் பொழுதைக் கழித்தவன். தபால் வேலையில் நிஜமாகவே சேர்ந்தானா, உடுப்பை மட்டும் மாட்டிக்கொண்டானா, கதை சொல்லவில்லை. எப்படியானாலும், தினமும் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக் கால் தேய்ந்த மற்ற தபால்காரர்கள் யாரையும் கதையில் காணோம். கடைசி வரியைப் படித்து முடித்த பிறகும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவன் கொலைகாரன் ஒருவன்தான். கண்ணுக்குத் தெரியாதவன் ஆபத்தானவன், அவன்மேல் ஒரு கண் வை என்கிற போலீஸ் புத்தியோடு வாசகன் வீட்டுக்குப் போய்விடலாம். 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பார்த்த பார்வைதான் அது.

கண்ணுக்குத் தெரியாதவர்கள் பக்கம் நின்று எழுதினால் கொலைக்கதை எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சூசன் கிளாஸ்பெல்லைப் படிக்க வேண்டும். 1900-ல் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி தூக்கத்தில் கோடரியால் வெட்டப்பட்டார். மனைவி மார்கரெட்மேல் வழக்கு. அதைப் பத்திரிகைக்கு எழுதிய இளம் செய்தியாளர் கிளாஸ்பெல். அதை வைத்து 1916-ல் ஒரு நாடகமும், 1917-ல் ‘அவளுக்குச் சமமானவர்களின் ஜூரி’ என்ற கதையும் எழுதினார். கதையில் கணவன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக்கிடக்கிறான். மனைவி மின்னி ஜெயிலில். ஷெரிஃபும் அரசு வக்கீலும் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த ஷெரிஃபின் மனைவியும் பக்கத்துப் பண்ணைக்காரர் மனைவி ஹேலும் அடுப்படியில் விடப்படுகிறார்கள். குளிரில் வெடித்துப்போன பழ ஜாடிகளைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டால் ஆண்கள் சிரிக்கிறார்கள். ஒட்டுத்துணிப் போர்வையில் திடீரென்று கோணலாகிப் போன தையல். கதவு பிய்ந்த கூண்டு. தையல் கூடைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கழுத்து திருகப்பட்ட பாட்டுக்குருவி.

இங்கே யார் கொன்றது என்பது பாதியிலேயே தெரிந்துபோகும். சொல்வார்களா, மாட்டார்களா என்பதுதான் சஸ்பென்ஸ். குருவி கிடைப்பதற்கு முன்னாலேயே ஹேல் அந்தக் கோணல் தையலைப் பிரித்து நேராகத் தைக்க ஆரம்பித்துவிடுகிறாள். தடயத்தை அழிக்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் அழிக்கிறாள்.

இது சரியா? சாட்சிகள் வாயை மூடிக்கொண்டதால் நாம் இழந்த வழக்குகள் எத்தனை! ஒரு ஊரே சேர்ந்து கொலைகாரனை மறைக்கிற அந்த மௌனத்தையும் இந்த இரண்டு பெண்களின் மௌனத்தையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு வேறு என்று நிரூபிக்க எளிய வழியும் இல்லை. செத்தவன் செத்தவன்தான். ஆனால் அந்த ஊர் வாயைத் திறந்திருந்தால், அது சொல்வதைக் கேட்டு நம்புகிற கோர்ட் ஒன்று தயாராக இருந்தது. இந்தப் பெண்கள் திறந்தால் குருவிக் கதை போய்ச் சேர்வது, பழ ஜாடிக்குச் சிரித்த காதுகளுக்கு. ஜூரியில் உட்காரப் பெண்களுக்கு அங்கே அப்போது உரிமை இல்லை. சமமானவர்கள் விசாரிப்பார்கள் என்ற வாக்கை முதலில் மீறியது சட்டம். நான் அந்தப் பெண்கள் பக்கம்தான், சங்கடத்தோடு.

பெட்டி ஹேலின் கோட்டுப் பைக்குள் போகிறது. ஷெரிஃபின் மனைவி சட்டத்துக்கே வாழ்க்கைப்பட்டவள், அவளைச் சோதிக்க வேண்டியதில்லை என்று வக்கீல் தமாஷ் பண்ணுகிறார். நிஜ வழக்கில் மார்கரெட்டுக்கு விதித்த தண்டனையை மேல்கோர்ட் ரத்து செய்தது. 1903-ல் மறுவிசாரணை நடந்து ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. இரண்டு விசாரணையிலும் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள் மட்டுமே.