மகனுக்கு மறுத்த பாதை

1973 செப்டம்பரில் ரால்ஃப் எர்ன்ஹார்ட் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 45. இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்தயத் தடங்களில் காரோட்டியவர் அவர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கனாப்பொலிஸ் என்ற பஞ்சாலை நகரம் அவருடைய ஊர். வீட்டை ஒட்டிய பட்டறையில் தன் காரைத் தானே கட்டுவார். சுற்றுவட்டாரத்துச் சிறிய தடங்களுக்கு அதை இழுத்துச் சென்று தானே ஓட்டுவார். ஐந்து பிள்ளைகள் அந்த வருமானத்தில் வளர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதர்களுக்கு எழுதப்படும் இரங்கல் உரைகளில் “குடும்பத்தையும் பந்தயத்தையும் உயிராக நேசித்தார்” என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடும். படிப்பதற்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதன் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்த தகப்பனைப் பிள்ளைகளுக்கு நல்லவராக இருந்தவர் என்று சொல்லலாமா?

கடையில் விற்கும் சாதாரணக் காரைப் பந்தயத்துக்கென்று மாற்றி ஓட்டுவதிலிருந்து வளர்ந்தது ஸ்டாக் கார் பந்தயம். அதன் வேர், பெரிய அரங்குகளில் இல்லை. ஊர்த் தடங்களில் இருக்கிறது. அதே மாநிலத்து வின்ஸ்டன் சேலம் நகரின் பௌமன் கிரே அரங்கில் கால்பந்துத் திடலைச் சுற்றிய கால் மைல் வளையத்தில் 1949 முதல் பந்தயங்கள் நடக்கின்றன. ஹிக்கரி தடம் 1951-இல் திறக்கப்பட்டது. வாரம் முழுவதும் ஆலையிலோ பட்டறையிலோ உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவு அங்கே கூடினார்கள்.

ஆபத்து கற்பனையானதல்ல. 1964-இல் சார்லட் தடத்தில் கார் மோதித் தீப்பற்றியதில் ‘ஃபயர்பால்’ ராபர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் கருகினார். சில வாரங்கள் மருத்துவமனையில் போராடி இறந்தார். உடையாத ரப்பர்ப் பை பொருத்திய எரிபொருள் தொட்டி அதற்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. ரால்ஃப் ஓட்டிக்கொண்டிருந்தது அதே காலத்தில்.

இவ்வளவும் தெரிந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது என்று தோன்றும். ஆனால் ரால்ஃப் பந்தயத்துக்காக விட்டுவந்த வேலை எது என்பதையும் பார்க்க வேண்டும். அன்று கனாப்பொலிஸில் வேலை என்றால் கேனன் பஞ்சாலைதான். தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளில் பெரும்பகுதி ஆலைக்கே சொந்தம். அந்த ஊர் சட்டப்படி ஒரு நகரமானதே 1984-இல்தான். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சு முட்டும் நோய் தென் மாநிலப் பஞ்சாலைகள் எங்கும் இருந்தது. தூசிக்கு அரசு கடுமையான வரம்பு விதித்தது 1978-இல். ஆலையில் இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏழைத் தகப்பனுக்குப் பல நேரம் ஆபத்தில்லாத வேலை என்று ஒன்று வாய்ப்பதே இல்லை. எந்த ஆபத்து என்று தேர்ந்தெடுக்க மட்டும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

அந்த இடத்தை ரால்ஃப் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் அவருடைய குணம் தெரிகிறது. இடப்பக்கமாகவே வளைந்து ஓடும் தடத்தில் வலப்பக்கச் சக்கரம் சற்றுப் பெரிதாக இருந்தால் கார் தானாகத் திருப்பத்துக்குள் இறங்கும். டயர்களின் சுற்றளவை அளந்து பொருத்தும் அந்த நுட்பத்தை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் அவர். ஓட்டுவதிலும் காரை வீணாக விரட்டமாட்டார். கடைசிச் சுற்றுகள் வரை பத்திரமாக வைத்திருந்து, தேவைப்படும்போது முன்னேறுவார். கார் நொறுங்கினால் வீட்டில் அடுப்பெரிவது சிக்கலாகும் என்று அறிந்தவரின் ஓட்டம் அது. 1956-இல் அவர், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவுச் சாம்பியன் ஆனதற்கும் இந்த நிதானமே துணை. மளிகைப் பணத்தில் டயர் வாங்கிவிட்டுப் பிள்ளைகளைக் காத்திருக்க வைக்கும் பொழுதுபோக்குப் பந்தயக்காரருக்கு இந்த நியாயத்தைக் கடன் கொடுக்க முடியாது. தடத்தின் மேல் இருவருக்கும் உள்ள ஆசை ஒன்றாக இருக்கலாம். செலவை யார் தலையில் வைக்கிறார்கள் என்பது வேறு.

ஆனால் ரால்ஃபின் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடக் கனமான உண்மை, அவர் மகனுக்குச் சொன்ன மறுப்பு. டேல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பந்தயத்துக்குப் போக நினைத்தபோது தந்தை ஒப்பவில்லை. படித்து முடி என்று மன்றாடினார். மகன் கேட்கவில்லை. இருவருக்குமிடையே நெடுநாள் மனக்கசப்பு இருந்தது. அதற்காகப் பின்னாளில் வருந்தியதை டேல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

தான் நடந்த பாதையை மகனுக்கு அடைத்தவரை இரட்டை வேடக்காரர் என்று சிலர் நினைக்கக்கூடும். அது சரியான கணிப்பு அல்ல. அந்தத் தொழிலின் விலை அவருக்கு அணு அணுவாகத் தெரியும். தன் உடலை அடகு வைத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வாசலைத் திறக்க முயன்றார். அவருடைய ஆசையை மட்டும் நினைவில் வைத்து மறுப்பை மறந்துவிட்டால், நினைக்கப்படுபவர் அவராக இருக்கமாட்டார். படத்துக்கு மாலை போடுகிறவர்களுக்குப் பிடித்த ஒரு பாதி மனிதர் மட்டுமே மிஞ்சுவார். இறந்தவரால் திருத்திச் சொல்ல முடியாது என்பதனாலேயே, முழுவதையும் சொல்லும் கடமை உயிரோடு இருப்பவர்களுக்கு வந்து சேர்கிறது.

டேல் எர்ன்ஹார்ட் நாஸ்காரில் ஏழு முறை சாம்பியன் ஆனார். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் தலையையும் கழுத்தையும் பிடித்துநிறுத்தும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. தாத்தாவைப் பார்த்தேயிராத பேரன் டேல் ஜூனியரும் ஓட்டுநர்தான். தலையில் அடுத்தடுத்து ஏற்பட்ட அதிர்ச்சிகளால் 2016-இல் பாதிப் பருவத்தை விட்டு ஒதுங்கினார், 2017 முடிவில் முழுநேரப் பந்தயத்தை நிறுத்திக்கொண்டார். தன் மூளையை இறப்புக்குப் பின் ஆய்வுக்குத் தருவதாக அறிவித்த அவர், பல ஆண்டுகள் மறைத்துவைத்திருந்த வலிகளையும் தடுமாற்றங்களையும் 2018-இல் ஒரு புத்தகமாக எழுதினார். அவருடைய முதல் மகள் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.