முட்டை குடுக்கலாமா டாக்டர்?

ஈரல் தழும்பேறிக் கெடும் சிரோசிஸ் வந்து வயிற்றில் நீர் கோத்த ஒருவரை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், அவர் மனைவி கேட்கும் கேள்விகளில் ஒன்று தவறாமல் வரும்: "முட்டை குடுக்கலாமா டாக்டர்?" அடுத்து பருப்பு, மீன், பால் என்று வரிசையாகக் கேட்பார். மாத்திரைக்குச் சீட்டு இருக்கிறது. அடுப்பில் எதை ஏற்றுவது என்பதற்குச் சீட்டு இல்லை. அந்தக் கேள்விக்கு மருத்துவர் சொல்லும் பதிலை வைத்தே அவர் கடைசியாக எந்த ஆண்டு வரை படித்தார் என்று சொல்லிவிடலாம்.

ஈரல் கெட்டால் இரத்தத்தில் அம்மோனியா தேங்கும், மூளை மங்கும். இரவெல்லாம் விழித்துக் கிடந்துவிட்டுப் பகலில் தூங்குவார். கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தடுமாறுவார். இரு கைகளையும் நீட்டி விரல்களை மேல்நோக்கிப் பிடிக்கச் சொன்னால், மணிக்கட்டு நிற்காமல் படபடவென்று விழுந்து விழுந்து எழும். புரதம் குடலில் சிதைவதால் அம்மோனியா உண்டாகிறது. ஆகவே புரதத்தைக் குறை. 1950களில் வேர்பிடித்த இந்த வாதம் கேட்பதற்கு அவ்வளவு சரியாக இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் ஈரல் நோயாளிகளின் தட்டிலிருந்து முட்டையும் பருப்பும் எடுக்கப்பட்டன. காமாலை என்றதும் பத்தியத்தைத் தொடங்கிவிடும் நம் வீடுகளில் அது இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது.

அந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஈரலால் முடியாதபோது அம்மோனியாவைப் பிடித்து அடக்கும் வேலையைத் தசை செய்கிறது. புரதத்தைக் குறைத்தால் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். அம்மோனியாவை அடக்க ஆள் குறையும். 2004இல் பார்சிலோனா மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளை மங்கிய நிலையில் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் புரதத்தைக் குறைத்தும், மற்றவர்களுக்கு வழக்கமான அளவிலேயும் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவு திரும்புவதில் வேறுபாடு தெரியவில்லை. குறைத்தவர்களின் உடலில்தான் புரதம் கூடுதலாகச் சிதைந்தது. இன்றைய வழிகாட்டல்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 72 கிராம். இரண்டு முட்டையில் கிடைப்பதே 12 கிராம் அளவுதான். படுக்கப் போகுமுன் ஏதாவது சாப்பிடவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிரோசிஸ் உள்ளவருக்கு ஓர் இரவுப் பட்டினி, நல்ல உடம்புக்காரரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம்.

இருபது ஆண்டுகள் ஆகியும் "புரதம் தவிர்க்கவும்" என்ற வரி டிஸ்சார்ஜ் சம்மரிகளில் இன்னும் தென்படுகிறது. அதை எழுதுபவர் சோம்பேறி அல்ல, அக்கறையற்றவரும் அல்ல. ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததை விசுவாசமாகச் செய்கிறார். என்னை அச்சப்படுத்துவது வேறொன்று. அந்த நோயாளி ஆறு மாதம் கழித்து வரும்போது தோள் எலும்பு துருத்தியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், மறுபடியும் குழம்பிப் பேசுவார். பார்க்கிறவர்கள் எல்லாரும் "வியாதி முத்திவிட்டது" என்பார்கள். மருத்துவரும் அப்படித்தான் நினைப்பார். பழைய அறிவு செய்யும் கெடுதல் நோய் செய்யும் கெடுதல் மாதிரியே தோற்றம் கொள்கிறது. அதனால் முப்பது ஆண்டு அனுபவம் அந்தத் தவறைத் திருத்துவதில்லை. முப்பது ஆண்டும் அதை உறுதிப்படுத்துகிறது.

குடற்புண்ணிலும் இதுவே நடந்தது. 1970களின் இறுதியில் அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் வந்தது. மாத்திரை தின்னும்வரை புண் ஆறும், நிறுத்தினால் திரும்பும். திரும்புவது புண்ணின் குணம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டு, 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். நம்ப ஆளில்லாமல் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, கிருமி இருக்கும் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று சொன்னது 1994இல். அதற்கும் பிறகு, 1997இல், மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல அந்நாட்டு அரசே பிரசாரம் நடத்த வேண்டியிருந்தது. ஓரிரு வார மருந்தில் தீர்ந்திருக்க வேண்டிய புண்ணோடு அத்தனை பேர் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சிலர் இரைப்பையில் ஒரு பகுதியையே இழந்தார்கள்.

அப்படியென்றால் ஒரு மருத்துவர் தன் அறிவு பழசானதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்து இதற்கு மிக நல்ல விடை கிடைத்த இடம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். பரந்த வறண்ட நிலம், ஏழ்மை, தொலைதூரக் கிராமங்கள். ஹெபடைடிஸ் சி வைரஸ் அங்கே ஆயிரக்கணக்கானவர்களிடம் இருந்தது. சிகிச்சை கிடைத்ததோ ஆல்புகர்க்கி பல்கலைக்கழக மருத்துவமனையில். அங்கே ஈரல் மருத்துவராக இருந்த சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளிக்காரரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அன்றைய மருந்தான இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் கொடியவை. சிலருக்கு 48 வாரம்வரை போட வேண்டும். இரத்தம் வற்றும், மனம் சோர்ந்து போகும். நூற்றுக்கணக்கான மைல் வந்துபோய் அதைத் தாங்க யாரால் முடியும்? வராமலே இருந்து, ஈரல் புற்று முற்றியபின் வந்தவர்களையும் அவர் பார்த்தார்.

2003இல் அவர் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகள் ஊரிலேயே இருக்கட்டும். அவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் வாரம் ஒருமுறை காணொளியில் கூடட்டும். ஒவ்வொருவரும் தன் நோயாளி ஒருவரின் விவரத்தை எல்லார் முன்னும் வைக்க வேண்டும். வயது இது, ஹீமோகுளோபின் இந்த வாரம் இவ்வளவு இறங்கியிருக்கிறது, தூக்கமில்லை என்கிறார், ரிபாவிரினைக் குறைக்கட்டுமா? ஈரல் மருத்துவரோடு மனநல மருத்துவரும் மருந்தாளுநரும் அந்தப் பக்கம் இருப்பார்கள். பதில் கேட்டவருக்கு மட்டும் அல்ல. மலையடிவாரத்துச் சிறு மருத்துவமனையிலும் சிறைச்சாலை மருத்துவமனையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் அது பாடம். கிராம மருத்துவர்கள் கொஞ்ச காலத்தில் ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

2011இல் முடிவுகள் வெளிவந்தன. மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழகத்தில் நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேரிடமும், சிறைகளும் சேர்ந்த 21 மையங்களில் பொது மருத்துவர்களிடம் பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேரிடமும் வைரஸ் ஒழிந்திருந்தது. கடுமையான பக்கவிளைவுகள் பல்கலைக்கழகத்தில் 13.7 சதவீதம், ஊர் மையங்களில் 6.9 சதவீதம். தன் ஊர்க்காரரை அடிக்கடி பார்க்கிறவருக்கு அவர் முகம் வாடியதும் தெரிந்துவிடும் என்றே இந்தக் கடைசி எண்ணை நான் படிக்கிறேன்.

இங்கேதான் எனக்கு ஒன்று துலங்குகிறது. மருத்துவர் படிப்பதைச் சிகிச்சைக்கு முன்னால் செய்து முடிக்கிற ஆயத்தமாக நாம் நினைத்திருக்கிறோம். அந்த வாராந்தரக் கூட்டத்தில் படிப்பு எங்கே முடிந்தது, சிகிச்சை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. மருத்துவரின் அறியாமையைச் சுமப்பவர் மருத்துவர் அல்ல, நோயாளி. ஆகவே தன் நோயாளியைப் பற்றிய ஐயத்தைச் சக மருத்துவர்கள் முன் எடுத்து வைப்பதும், நாடி பார்ப்பதைப் போல, ஊசி போடுவதைப் போல, நோயாளிக்குச் செய்கிற வேலைதான். அதைச் செய்யாத நாளில் அந்த நோயாளிக்குத் தர வேண்டியதில் ஒரு பங்கு தரப்படவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2016இல் பஞ்சாப் அரசு ஹெபடைடிஸ் சி மருந்தை இலவசமாக்கியபோது சிகிச்சையைப் பெரிய நகரத்தில் குவிக்கவில்லை. 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று மருத்துவக் கல்லூரிகளிலும் கொடுத்தது. அங்கிருந்த மருத்துவர்களைச் சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் பயிற்றுவித்து, காணொளியில் தொடர்ந்து துணை நின்றது. வெளியான முடிவுகளில் சுமார் 48,000 நோயாளிகள், பெரும்பாலோர் கிராமத்தார், சிகிச்சை தொடங்கிய எல்லாரையும் கணக்கில் எடுத்தால் நூற்றுக்கு 91 பேருக்கு மேல் குணம். புதிய மாத்திரைகளின் பலம் அதில் பெரும்பங்கு என்பது உண்மை. ஆனால் அந்த மாத்திரையை எழுதத் துணிந்த மாவட்ட மருத்துவர் இல்லாமல் அது பெட்டியிலேயே இருந்திருக்கும்.

நம் ஊரில் சி.எம்.இ. எனப்படும் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்ற விதி நல்ல விதி. வாரம் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக் களைத்தவர் ஞாயிறு காலையைப் படிப்புக்குக் கொடுப்பது பெரிய காரியம். ஆயினும் இருட்டாக்கிய அரங்கில் ஒருவர் பேச, இருநூறு பேர் கேட்டுக் கலைவதில் யாருடைய நோயாளியும் அரங்குக்குள் வருவதில்லை. கேள்வி நேரத்தில் மூத்தவர் எழுந்து தன் குழப்பத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார், மூத்தவர் சொல்லாதபோது இளையவர் எப்படிச் சொல்வார்? கூட்டத்தை நடத்துகிறவர்கள் முதலில் உடைக்க வேண்டியது இந்தக் கூச்சத்தைத்தான்.

நோயாளியை அரங்குக்குள் கொண்டுவருவதைக் கொழுப்பு ஈரலிலிருந்தே தொடங்கலாம். சர்க்கரை நோய்க்கு மாதம் தவறாமல் வருகிறவர்களில் யாருடைய ஈரல் சத்தமில்லாமல் தழும்பேறிக்கொண்டிருக்கிறது என்று அறிய ஃபிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. வயது, ஈரல் நொதிகளான ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கு எண்கள் போதும். 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்கக்கூடும். நடுவில் நிற்பவருக்கு ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்க்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவருக்குக் கீழ்வரம்பை 2.0 ஆக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்கள் பெரும்பாலான நோயாளிகளின் லேப் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்தான் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மருத்துவரும் தன் நோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தால், மதியச் சாப்பாட்டுக்கு மணியடிக்கும் முன்பே சிலருக்கு ஸ்கேன் தேதி குறித்துவிடலாம்.