வெள்ளைக் குதிரையும் கொள்ளைக்காரனும்

வெள்ளைக் குதிரை குதிரை அல்ல என்று வாதித்த குங்சுன் லுங்கை வாய்ச்சாலக்காரர் என்று ஒதுக்குவது சுலபம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அப்படி ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் வாதம் அவ்வளவு லேசானதல்ல. குதிரை கேட்பவனிடம் கறுப்பையும் கொண்டுபோய் நிறுத்தலாம், மஞ்சளையும் நிறுத்தலாம். வெள்ளைக் குதிரை கேட்பவனிடம் முடியாது. அப்படியானால் இரண்டு பெயர்களும் ஒன்றாவது எப்படி? 'ஒன்றல்ல' என்பது வேறு, 'அந்த வகையில் சேராது' என்பது வேறு என்று நாம் பதில் சொல்லிவிடலாம். பழஞ்சீனத்தில் இரண்டையும் 'ஃபெய்' என்ற ஒரே சொல் சுமந்தது. நம் 'அல்ல'வும் ஏறக்குறைய அப்படித்தான். புதிர் தமிழுக்குச் சேதாரமில்லாமல் வந்துவிடுகிறது. சீனப் பெயர்ச்சொற்கள் தண்ணீர், மணல் போலத் திரளைக் குறிப்பவை என்று சாட் ஹான்சன் 1983இல் ஒரு விளக்கம் தந்தார். கெட்டிக்கார விளக்கம். ஆனால் நான்கு நான்காக எண்ணித் தேரில் குதிரை பூட்டியவர்கள் விஷயத்தில் எனக்கு அது முழுதும் ஒப்பவில்லை.

என்னை உறுத்துவது குதிரை அல்ல, மோ த்ஸுவின் வழிவந்த பிற்காலத் தர்க்கவாதிகளின் கொள்ளைக்காரன். எல்லா மனிதரிடமும் பாரபட்சமற்ற அன்பு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கொள்ளையர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்பதும் அவர்கள் கொள்கையே. இரண்டையும் காப்பாற்ற ஒரு படிக்கட்டு கட்டினார்கள். ஒருத்தியின் தம்பி அழகன். தம்பியை நேசிப்பதால் அவள் அழகனை நேசிப்பதாகாது. கொள்ளையன் மனிதன்தான், கொள்ளையர் பெருகியதை வெறுப்பது மனிதர் பெருகியதை வெறுப்பதாகாது. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இராது. அடுத்த படி: கொள்ளையனைக் கொல்வது மனிதனைக் கொல்வதாகாது.

இந்தப் படியில்தான் கால் வழுக்குகிறது. நேசமும் வெறுப்பும் ஒருவனை ஏதோ ஒன்றாகப் பார்த்த பிறகே அவனிடம் போகின்றன. தம்பியாகப் பார்த்த கண் அழகனாகப் பார்க்காமலிருக்கலாம். கொலை அப்படி இல்லை. எந்தப் பெயரிட்டுக் கொன்றாலும் சாகிறவன் முழுசாகச் சாகிறான். நியாயமான கொலை என்று மட்டும் சொல்லியிருந்தால் மேற்கொண்டு வாதாடலாம். கொல்லப்பட்டவனுக்கும் அன்பு கடன்பட்டிருந்தது என்பதாவது கணக்கில் நின்றிருக்கும். அவர்கள் கணக்கையே அழித்தார்கள்.

இதைப் பெயரால் பெயரைக் குழப்பும் பிழை என்று கண்டித்தவர் சுன் த்ஸு. அவர் இளகிய மனக்காரர் அல்லர். கொன்றவன் சாகவேண்டும் என்றே எழுதியவர். தண்டனையை ஏற்றுக்கொண்டு, அதற்கு இட்ட பெயரை மட்டும் மறுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் பரிகாரமாக அவர் கேட்டது, பெயர்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசனிடம் கொடுப்பது. தன்னிச்சையாகப் பெயர் படைப்பது அளவைகளைத் திருத்துவது போன்ற குற்றம் என்றார். அங்கே அவரோடு என்னால் போக முடியவில்லை. கொள்ளையனைக் கொல்ல ஆணையிடுபவனும் அதே அரசன்தானே.