கடிக்கும் கிளி

எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி என் விரலைக் கடித்தபோது, “சோறு போடுற கையையே கடிக்குது, நன்றிகெட்ட ஜென்மம்” என்றார் அப்பா. வேலைக்குப் போவேன் என்று நின்ற அக்காவையும் அப்படித்தான் திட்டினார்.

கிளி எடுத்தவுடன் கடிப்பதில்லை. கண்மணி சுருங்கி விரியும், இறகு சிலிர்க்கும், உடல் பின்வாங்கும். அத்தனை ‘வேண்டாம்’களையும் பார்க்காத கைக்குத்தான் கடி. விலகிப் பறக்க முடியாதபடி இறக்கையை வெட்டியவள் நானே. பெண்ணைக் கிளிமொழியாள் என்று கொஞ்சும் தமிழுக்கும் அலகு நினைவில்லை.

மறுக்க வழியில்லாத உயிரிடம் நான் காட்டியது பாசமா, உரிமையா?

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்த அன்று, கூண்டுக்குள் கையை நீட்டினேன். கிளி பின்வாங்கியது. கையை எடுத்துக்கொண்டேன்.