தன் உயிரும் பிறர் உயிரும்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில், கடலுக்கும் செங்குத்தான மலைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கலவாவோவுக்கு 1866 முதல் தொழுநோயாளிகளை அரசு கப்பலேற்றி அனுப்பியது. போனவர் திரும்பி வருவதில்லை. 1873 மே மாதம் அங்கே சென்ற பெல்ஜியக் குருவானவர் தமியான், நோயாளிகளோடு ஒரே பாத்திரத்திலிருந்து கிழங்குக் கூழை விரலால் வழித்து உண்டார். தம் புகைக்குழாயை அவர்களிடம் கொடுத்து வாங்கினார். புண் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். பத்தாண்டு கழிந்து சில காலத்தில் அவருக்கும் நோய் கண்டது. 1889 ஏப்ரல் 15 அன்று 49 வயதில் இறந்தார்.

அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1888இல், கலவாவோ இருக்கும் அதே தீபகற்பத்துக்கு வந்தவர் பிரான்சிஸ்கன் சகோதரி மரியான் கோப். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரிலிருந்து 1883இல் ஹவாய்க்கு வந்தவர். தம்மோடு வந்த சகோதரிகளில் எவருக்கும் இந்த நோய் வராது என்று உறுதி சொன்னார். கை கழுவுவதிலும் துப்புரவிலும் கண்டிப்பாக இருந்தார். முப்பதாண்டு அங்கேயே ஊழியம் செய்து, 1918இல் 80 வயதில் காலமானார். அவருக்கும் தொற்றவில்லை, அவருடைய சகோதரிகளுக்கும் தொற்றவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை தமியானுக்கு 2009இலும் மரியானுக்கு 2012இலும் புனிதர் பட்டம் அளித்தது. ஆனாலும் தியாகத்தைப் பற்றிப் பேச எழுகிறவர் நாவில் முதலில் வருவது தமியானின் பெயர்தான். இந்த வழக்கத்தில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: நோயை வாங்கிக்கொண்டவர் அதிகம் நேசித்தார், கை கழுவியவர் சற்றுக் குறைவாக நேசித்தார் என்பது. அந்தத் தீர்ப்பு சரிதானா?

தமியான் பொறுப்பில்லாமல் நடந்தார் என்று சொல்ல முடியாது. தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டதே அதே 1873இல்தான். அது எப்படிப் பரவுகிறது என்று அன்று யாருக்கும் தெளிவில்லை. பெரும்பாலானோர் உடல் இந்தக் கிருமியை இயல்பாகவே எதிர்த்து நிற்கும் என்பதும் பின்னால் தெரிந்ததுதான். அதைவிட முக்கியம், கலவாவோவில் இருந்தவர்களின் நிலை. குடும்பமும் நிலமும் பறிபோய், தொடுவதற்கே பிறர் அஞ்சும் உடலோடு இருந்தார்கள். அவர்கள் நீட்டிய பாத்திரத்தை விலக்கியிருந்தால் தமியான் அவர்களுக்குக் குருவாக இருந்திருப்பார், மருந்து கொடுப்பவராகவும் இருந்திருப்பார், நண்பராகியிருக்க முடியாது. யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடரை ஊழியர் என்ற நிலையிலிருந்து உயர்த்தி நண்பர் என்று அழைப்பது, உயிர் கொடுக்கும் அன்பைப் பற்றிப் பேசும் அதே இடத்தில்தான். தமியான் உண்ட கூழுக்கு அந்த வேதபாகத்தின் கனம் உண்டு.

ஆனால் அவர் பணயம் வைத்தது தம்முடைய உயிரை. மரியானின் பொறுப்பில் இருந்ததோ மற்றவர்களின் உயிர். அவரை நம்பிக் கடல் கடந்து வந்த பெண்களிடம், அன்பு உண்மையானால் நீங்களும் ஒரே பாத்திரத்தில் உண்ணுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அது தியாகமாகாது. பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்வதாகும். அவருடைய கண்டிப்பு அன்பின் குறைவிலிருந்து வந்ததல்ல. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைச் செலவழிக்க மறுத்த நேர்மை அது. முப்பதாண்டு அங்கிருந்து நகராமல் இருந்தவரை அச்சம் கொண்டவர் என்று யார் சொல்ல முடியும்?

இந்த எல்லை தமியானின் ஆயர் மேக்ரேக்குத் தெரிந்திருந்தது. கலவாவோவுக்கு ஒரு குரு வேண்டியிருந்தபோது, போ என்று ஒருவருக்குக் கட்டளையிட அவர் மனம் ஒப்பவில்லை. விருப்பமுள்ளவர் உண்டா என்றார். நான்கு பேர் முன்வந்தார்கள். முறைவைத்துப் போவதாக ஏற்பாடு. முதல் முறைக்குப் போன தமியான் அங்கேயே இருந்துவிட்டார்.

இன்றைய சபைகள் இந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓய்வில்லாமல் உழைக்கும் செவிலியரை, சம்பளம் போதாத உபதேசியாரை, நோயாளிக் கணவரைத் தனியே சுமக்கும் பெண்ணைச் சபை நடுவே நிறுத்தித் தியாகி என்று புகழ்வது எளிது. ஆள் மாற்ற ஒருவரை அனுப்புவது கடினம். புகழ்ச்சியும் ஒருவகைக் கட்டளைதான். அப்படிப் புகழப்பட்டவர் களைத்துப்போனதைச் சொல்லக் கூசுவார், மறுக்க இன்னும் கூசுவார்.

புகழ் இருந்தும் துணை போதாத இந்த நிலை தமியானுக்கே நேர்ந்தது. கலவாவோவை விட்டு வெளியே வர அவருக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் வந்த கப்பலிலும் ஏற விடவில்லை. கீழே படகில் நின்றபடி, மேலே கப்பலில் இருந்தவரிடம் உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். உடன் ஒரு குரு வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டார். அவர் பெயர் உலகெங்கும் பரவியபோதும் அந்தத் தனிமை முழுவதும் தீரவில்லை. 1886இல் ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கப் பொதுநிலையினர் தாமாக வந்து சேர்ந்தபோது தமியானின் உடலில் நோய் ஏற்கெனவே குடியேறியிருந்தது.

அந்த மண்ணில் தமியானுக்கு முன்னரே வேறொரு வகை அன்பும் இருந்தது. நோயுற்ற மனைவியோடு, கணவரோடு, பிள்ளையோடு தாமாக வந்து தங்கிய ஹவாய் மக்களைக் கோக்குவா என்று அழைத்தார்கள். துணையாள் என்று பொருள். மோர்மோன் சபைத் தலைவர் யோனத்தான் நபேலா, நோய் கண்ட மனைவி கிட்டியோடு 1873இல் அப்படிச் சென்றவர். தமியானும் அவரும் வேறு வேறு சபையினர். ஒருவர் போதனையை மற்றவர் ஏற்க முடியாது. ஆயினும் நட்போடு பழகினார்கள். நபேலாவுக்கும் நோய் தொற்றியது. 1879இல் இறந்தார். அவருடைய பெயராவது எஞ்சியது. பெயரே எஞ்சாத கோக்குவாக்கள் எத்தனையோ பேர். அவர்களில் எவரும் தியாகம் செய்யப் போவதாக நினைத்துப் புறப்பட்டிருக்க மாட்டார்கள். மனைவி போகிறாள், தனியே எப்படி விடுவது என்றுதான் படகேறியிருப்பார்கள்.