ஏட்டைத் தொடாமல் தீர்ப்பா?

நெருப்பில்லாமல் புகையாது என்பது நாட்டார் மொழி. ஒகேனக்கல்லுக்கு வந்து பாருங்கள், தோழர்களே! நெருப்பின்றியே புகைகிறது. பாறையில் மோதிச் சிதறும் காவிரியின் நீர்த்திவலைதான் தொலைவில் நிற்போர்க்குப் புகையாய்த் தெரிகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. ஊர்ப்பெயரே அதனால் வந்தது. அருகே சென்றவன் நனைகிறான். தொலைவில் நின்றவன் தீ என்கிறான்.

நூல்களைப் பற்றி நாம் பேசுவதும் பெரும்பாலும் தொலைவில் நின்றவன் பேச்சுத்தான். ஊரைச் சொல்வானேன்? என்னையே சொல்கிறேன்.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் எட்டுப் பேர் ஆற்றங்கரையில் கூடுவோம். மீன் வறுக்கும் மணமும் எண்ணெய் தேய்த்துவிடுவோரின் கூவலும் சூழ்ந்த இடந்தான் எங்கள் மன்றம்! அண்மையில் படித்த நூலைப் பற்றி ஒவ்வொருவரும் கருத்துரைக்க வேண்டும் என்பது விதி. என் முறை வந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பற்றி முழங்கினேன். 2010-இல் வெளிவந்த அந்நூல் 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் கொளுத்தப்பட்டதையும், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என 2015 சனவரியில் அவரே அறிவித்ததையும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்ததையும் அடுக்கினேன். சில பக்கங்களை மட்டும் படியெடுத்துப் பரப்பி ஊரைக் கிளப்பினரே, முழு நூலையும் படித்தனரா என்று எள்ளினேன். மதத்தின் மண்டையில் விழுந்த சம்மட்டி அந்நூல் என்று முடித்தேன். கைதட்டல்!

ஓரத்தில் அமர்ந்திருந்த தம்பி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், மெல்லக் கேட்டான்: "அண்ணா, காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தானே பொன்னா திருவிழாவுக்குப் போனாள்? அவளைக் குறை சொல்ல முடியுமா?"

விழித்தேன். காளி யார், பொன்னா யார் என்பதே எனக்குத் தெரியாது! படியாமல் எரித்தவனை ஏசினேன், படியாமலே ஏத்தினேன். அவன் கையில் தீப்பந்தம், என் வாயில் புகழ்மாலை. வேறென்ன வேறுபாடு?

உண்டு என்று வாதாடிற்று என் மனம். அவன் பிறர் உரிமையைப் பறித்தான். நீ உரிமைக்காகப் பேசினாய் என்றது. உண்மைதான். ஒருவர் எழுதும் உரிமைக்காக வாதாட, அவர் எழுதியதைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் அதோடு நின்றேனா? நூல் இத்தகையது என்றல்லவா தீர்ப்புக் கூறினேன்!

எல்லா நூலையும் எவரால் படிக்கவியலும் எனலாம். நல்லார் ஒருவர் சொன்னால் நம்பி வாங்குகிறோம், தவறில்லை. வாங்குவதற்கு அந்நம்பிக்கை போதும், தீர்ப்புரைக்கப் போதுமா? 'கேள்விப்பட்டேன்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் என் பேச்சு பொய்யாகியிராது. கைதட்டல்தான் சற்றுக் குறைந்திருக்கும்! வேதம் சொன்னது என்பவனிடம், நீ ஆய்ந்தாயா என்று கேட்கும் கூட்டத்தவன் நான்.

தருமபுரி, சேலம் மாவட்டத்தோடு இருந்த காலம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று 1943-இல் வாதிட்டார் அண்ணா. சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்நின்றனர். அச்சொற்போரே 'தீ பரவட்டும்' என்ற நூலாயிற்று. அதைப் படித்தேன், இம்முறை மெய்யாகவே! கம்பனைக் கொளுத்தச் சொன்னவர் கம்பனைக் கற்றிருந்தார். அந்தப் புலவர்கள் முன் வேறெப்படி நிற்க இயலும்? எனினும் ஒன்று சொல்வேன், தோழர் சிலர் சினந்தாலும் சரி: அண்ணாவின் வாதம் என்னை வென்றது; அவர் கேட்ட தீ வெல்லவில்லை. திருச்செங்கோட்டுத் தீக்குப் பின், ஏட்டுக்கு எரி என்றாலே உள்ளம் ஒப்பவில்லை.

அம்பேத்கரோ, லாகூரில் ஆற்றவிருந்து அமைப்பாளர்கள் கைவிட்ட சாதியொழிப்பு உரையை 1936-இல் தாமே அச்சிட்டார். காந்தியார் மறுத்தெழுதினார். 1937-இல் வந்த அடுத்த பதிப்பில் அம்மறுப்பையும் தம் விடையோடு சேர்த்தார் அம்பேத்கர். எதிரியின் சொல்லுக்குத் தம் ஏட்டிலேயே இடந்தந்த நெஞ்சுரம்!

பின்னர் 'மாதொருபாகன்' வாங்கிப் படித்தேன். சம்மட்டியைக் காணோம். பிள்ளையில்லை என்பதற்காக ஒரு கணவனையும் மனைவியையும் ஊர்நாக்கு குத்திக் குதறும் துயரமே இருந்தது. பொன்னாவிடம் பொய்சொன்னவன் அவள் உடன்பிறந்த அண்ணன்! சென்ற ஞாயிறன்று, முன் சொன்னதைத் திரும்பப் பெற்று இதைச் சொன்னேன். தம்பி அப்போதும் ஒப்பவில்லை. "காளியின் சம்மதத்தையே எல்லாரும் பேசுகிறீர்கள் அண்ணா, பொன்னாவின் விருப்பம் என்ன?" என்றான். இருட்டும்வரை பேசினோம், முடியவில்லை.